விலை இறங்கிய கார், இறங்காத செலவு

திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் உள்ள பழைய கார் விற்பனைக் கூடங்களில் ஐந்தாறு ஆண்டு ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, இன்று புதிய பெரிய எஸ்.யூ.வி. வண்டியின் விலைக்கே கிடைக்கிறது. புதிதாக வாங்கியபோது எழுபது லட்சம் கொடுத்த கார் முப்பது லட்சத்துக்கு நிற்கும். பாறசாலை, இஞ்சிவிளை, காரோடு, ஊரம்பு, நெய்யாற்றின்கரை என எல்லையோரம் முழுவதிலும் வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகள் இந்த விலைப்பலகையைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வங்கிக் கிளைக்கு வருகிறார்கள். கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மாதத் தவணை எவ்வளவு வரும்?

அந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. 20 லட்சம் ரூபாய்க் கடன், 12 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டு தவணை என்று கொண்டால் மாதம் 44,489 ரூபாய். ஆனால் காருக்காக ஆண்டுதோறும் கையைவிட்டுப் போகும் பணத்தில் தவணை ஒரு பகுதி மட்டுமே. சந்தையில் காரின் விலைதான் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அதன் டயர், பிரேக் தட்டு, முகப்பு விளக்கு, கியர்பாக்ஸ் ஆகியவற்றின் விலையும், பழுது நீக்குபவரின் கூலியும் எழுபது லட்ச ரூபாய்க் காருக்கு உரியவையாகவே நிற்கின்றன. பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி யோசிக்கும்போது முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான். எல்லையோரத்தில் வசிப்பவர்களுக்கு இதனுடன் வரியும் சேர்ந்துகொள்கிறது.

கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை இங்கே கோடு இல்லை. பழைய திருவிதாங்கூரின் தென்கோடியில் விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் அடுத்தடுத்த தாலுகாக்கள். அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. களியக்காவிளையில் மாமா, பாறசாலையில் மருமகன் என்பது இன்றும் சாதாரணம். ஆனால் வண்டிக்கு மட்டும் கோடு உண்டு: இந்தப் பக்கம் கே.எல். 19, கே.எல். 20, அந்தப் பக்கம் டி.என். 74, டி.என். 75.

தனியார் கார்களுக்கு இரு மாநிலங்களும் ஒரே தவணையில் ஆயுட்கால வரியை வாங்குகின்றன. கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு இது விலையில் ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டும். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு நெடுங்காலம் 15 விழுக்காடாக இருந்தது. 2023 நவம்பரில் 20 லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 20 விழுக்காடாக உயர்ந்தது. "மாமா வீட்டு முகவரியில் பதிந்தால் லட்சக்கணக்கில் மிச்சம்" என்ற பழைய எல்லைக் கணக்கின் பெரும்பகுதி அத்துடன் கரைந்துவிட்டது. ஆயினும் தேநீர்க் கடைகளில் அந்தக் கணக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

பழைய காருக்கு இதனால் என்ன நேர்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். கேரளத்தின் வரியையும் கட்ட வேண்டும். வண்டியின் வயதுக்கு ஏற்ப வரி குறைக்கப்படும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவது நீங்கள் கொடுத்த முப்பது லட்சத்திலிருந்து அன்று, புதிதாக வாங்கியபோதைய விலைச்சீட்டில் உள்ள எழுபது லட்சத்திலிருந்து. 2020-இல் தமிழ்நாட்டில் பதிவான அத்தகைய காரைப் பாறசாலைக்குக் கொண்டுவந்தால், மிஞ்சியிருக்கும் ஆண்டுகளுக்கான வரி தோராயமாக ஒன்பது லட்சம் ரூபாயை எட்டக்கூடும். அதாவது வாங்கிய விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! முந்தைய மாநிலத்தில் கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வழி உண்டு. ஆனால் இங்கே கட்டிப் பதிந்த பிறகுதான் அங்கே விண்ணப்பிக்க முடியும். அதுவரை இரு மாநில வரியும் உங்கள் பணத்தில்தான் நிற்கும். பெங்களூரு, தில்லி வண்டிகள் மலிவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். கே.எல். பதிவெண் கொண்ட கார் இரண்டு மூன்று லட்சம் கூடுதலாக இருந்தாலும், மொத்தக் கணக்கில் அதுவே மலிவாக முடிவது உண்டு.

வரியைத் தவிர்க்கக் குறுக்குவழி தேடியவர்களின் கதையைக் கேரளம் நன்கு அறியும். வரி மிகக் குறைவாக இருந்த புதுச்சேரியில், வாழாத முகவரிகளைக் காட்டிப் பதிந்த சொகுசுக் கார்கள் 2017-இல் பெரும் விவகாரமாயின. திரை நட்சத்திரங்கள்கூட விசாரணைக்கு ஆளாயினர். 2025 செப்டம்பர் 23 அன்று கொச்சிச் சுங்கத்துறை "ஆபரேஷன் நும்கோர்" என்ற பெயரில் மாநிலம் முழுவதும் சோதனை நடத்தி, பூட்டான் வழியாகக் கொண்டுவந்து போலி ஆவணங்களில் பதியப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட வண்டிகளைக் கைப்பற்றியது. இத்தகைய வண்டியை விவரம் அறியாமல் மூன்றாவது, நான்காவது கைமாற்றில் வாங்கியவருக்கும் வண்டி கைவிட்டுப் போகும். வங்கிக் கடன் மட்டும் அவர் பெயரிலேயே நிற்கும்.

உறவினர் பெயரில் பதிவு செய்வது அவ்வளவு பெரிய குற்றமாக நம்மவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆனால் 2018 பிப்ரவரியில், நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருமகன் ஓட்டிய காரால் ஒருவர் உயிரிழந்தால், இழப்பீட்டு வழக்கில் மாமா பிரதிவாதியாக நிற்க நேரும். காப்பீடு காலாவதியாகியிருந்தால் அவருடைய ரப்பர்த் தோட்டமே அந்த இழப்பீட்டுக்குப் பொறுப்பாகிவிடும். காரில் வந்தவருக்கு இருந்த ஆசையில் ஒரு துளியும் மாமாவுக்கு இருந்திருக்காது.

சாலை, மழை, பட்டறை

முக்கோலையிலிருந்து காரோடு வரை போடப்பட்டுள்ள கான்கிரீட் நெடுஞ்சாலையைப் பார்த்தவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வருவது இயல்பே. அந்தச் சாலை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கேரளம் 2023 ஜூலையில் அறிவித்த வேக வரம்பின்படி, நான்கு வழித் தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு 100 கிலோமீட்டர்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே 726 கண்காணிப்புக் கேமராக்கள் மாநிலமெங்கும் இயங்கத் தொடங்கிவிட்டன. அந்தச் சாலையை விட்டு இறங்கியதும் உங்கள் வீட்டுக்குப் போகும் வழி தொடங்குகிறது. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 11 முதல் 14 சென்டிமீட்டர். முறைப்படி அமைத்த வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம். பஞ்சாயத்துச் சாலையில் ஊரார் தாமாகவே எழுப்பிய தடைக்கு எந்த அளவும் கிடையாது. முன் பம்பரின் அடியுதடும் எண்ணெய்த் தொட்டியும் அங்கேதான் முதலில் அடிபடும்.

இங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். 2021 நவம்பர் மழையில் நெய்யாற்றின்கரைப் பகுதியில் தேசிய நெடுஞ்சாலையே பாதிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். தாழ்வான காரின் காற்று உறிஞ்சும் வாயும் தாழ்வாகவே இருக்கும். தேங்கிய நீரில் ஓட்டி எஞ்சினுக்குள் நீர் புகுந்துவிட்டால், வழக்கமான முழுக் காப்பீடு அதை ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் இணைப்பைத் தனியாக எடுத்திருக்க வேண்டும். பழைய கார்களுக்கு அந்த இணைப்பு கிடைப்பதும் அரிது.

பழுது பார்க்கும் இடம் அடுத்த சிக்கல். போர்ஷே நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட மையம் கொச்சியில் இருக்கிறது. பாறசாலையிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர். வழியில் வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க முடியாது, தட்டு லாரியில் ஏற்றியே போக வேண்டும். இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள கார்களில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் செலவை மிச்சம்பிடிக்க அதைத் தள்ளிப்போட்டிருந்தால், அதன் விலையைக் கொடுக்கப் போகிறவர் நீங்கள்தான். ஓடாமல் கொட்டகையில் நின்ற கார் நல்ல கார் என்பது பொதுவான நம்பிக்கை. ஈரக் காற்று நிறைந்த நம் பகுதியில் அப்படி நின்ற காரில் மின்கலம், ரப்பர் முத்திரைகள், பிரேக் தட்டு ஆகியவை ஓடிய காரைவிட விரைவில் கெடுகின்றன. டயரில் எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் மிஞ்சியிருக்கிறது என்பதோடு, அது எந்த ஆண்டு, எந்த வாரம் தயாரானது என்பதையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்களில் அது பதிந்திருக்கும்.

விற்பனையை நிறுத்திவிட்ட நிறுவனங்களின் கார்களைத் தனியாக நிறுத்தி யோசிக்கத்தான் வேண்டும். 2016-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் ஐந்து லிட்டர் எஞ்சின் ஒலிக்கு மயங்காதவர் குறைவு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இன்னும் எளிய நிலையில், 2015-இல் பத்து லட்சத்துக்குள் வந்த அபார்த் புன்டோ, 2022-இல் நின்றுபோன போலோ ஜி.டி. போன்ற சிறிய வேகக் கார்களும் உண்டு. என் கணிப்பில், நம் கிராமங்களில் உள்ள இளைஞருக்கு ஆசையும் தீர்ந்து கணக்கும் பெருமளவு கட்டுக்குள் நிற்க வேண்டுமானால் போலோ வகைதான் அருகில் வருகிறது. அதன் உதிரிபாகங்கள் பல, அதே நிறுவனத்தின் மற்றக் கார்களிலும் பொருந்துபவை. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ அதைத் திறக்கத் தெரிந்த கைகளும் உள்ளன.

இத்தகைய கார்களில் இன்னொரு கண்ணி உண்டு. முந்தைய இளைஞர் புகைபோக்கியை மாற்றியிருப்பார், சக்கரத்தை அகலமாக்கியிருப்பார், எஞ்சின் கணினியின் மென்பொருளைத் திருத்தியிருப்பார். தயாரிப்பாளரின் அளவுகளுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கேரளத்திலிருந்தே சென்றது. அதே ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். மறுபதிவுக்கு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோகும்போது அசல் பாகங்களை மீண்டும் வாங்கிப் பொருத்தும் செலவும் வரும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு சொல். 2023 ஏப்ரல் முதல் கேரளத்தில் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வை கூடியதிலிருந்து, களியக்காவிளைப் பக்கம் போய்த் தொட்டியை நிரப்பிவருவது பலரின் வழக்கம். ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த மிச்சம் ஒரு பொருட்டே அன்று. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 7 கிலோமீட்டர், விலை வித்தியாசம் ஐந்து ரூபாய் என்று கொண்டாலும் மிஞ்சுவது 4,300 ரூபாய்க்குள். எத்தனால்தான் கவனிக்க வேண்டியது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று நாடெங்கும் வந்துவிட்டது. பல பழைய இறக்குமதிக் கார்களின் கையேடு 10 விழுக்காடு வரையே அனுமதிக்கிறது. கையேட்டின் எரிபொருள் பக்கத்தைப் படிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

காப்பீடும் கடனும்

மூன்றாம் நபர் காப்பீடு இதில் சிறிய தொகை. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு 2022 ஜூன் முதல் ஆண்டுக் கட்டணம் 7,897 ரூபாய். சிக்கல் சொந்தச் சேதப் பகுதியில் இருக்கிறது. ஐந்து ஆண்டு கடந்த காரின் காப்பீட்டு மதிப்பு, நீங்களும் நிறுவனமும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை; அது சந்தை விலையை ஒட்டியே இருக்கும். விபத்தில் பாகங்களை மாற்றும்போது பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகையையும், ஐந்து முதல் பத்து ஆண்டு வயதுள்ள காரின் உலோகப் பாகங்களுக்கு 40 விழுக்காட்டையும் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். இந்தக் கழிவைத் தவிர்க்கும் முழுத் தேய்மானக் காப்பு, பழைய கார்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது. இரண்டு லட்சம் ரூபாய்ப் பம்பரில் ஒரு லட்சம் உங்களுடையது.

இதைவிடப் பலரும் அறியாதது ஒன்று. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், வண்டி முழுச் சேதமாகக் கருதப்படும். மதிப்பு 28 லட்சம். ஆனால் பாகங்களின் விலை எழுபது லட்ச ரூபாய்க் காருக்கு உரியது. முகப்பு நசுங்கி, காற்றுப்பைகள் வெடித்த ஒரு நடுத்தர விபத்திலேயே பட்டியல் 21 லட்சத்தைத் தாண்டிவிடும். அப்போது கிடைக்கும் தொகையில் வங்கிக் கடன் முதலில் கழியும், மிஞ்சியதே உங்களுக்கு. செலுத்திய முன்பணத்தையும் வரியையும் அது ஈடுசெய்யுமா என்பதை விபத்துக்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்கலாம். முந்தைய உரிமையாளரின் விபத்தில்லாச் சலுகை உங்களுக்கு வராது. அது அவருடனேயே போய்விடும். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால் சொந்தச் சேதக் கோரிக்கை நிராகரிக்கப்படக்கூடும்.

இனி முழுக் கணக்கு. வேறு மாநிலப் பதிவுள்ள 30 லட்ச ரூபாய்க் கார், 9 லட்சம் வரி, 20 லட்சம் கடன், சொந்தப் பணம் 19 லட்சம் என்று கொள்வோம். ஐந்து ஆண்டுக்குப் பிறகு 15 லட்சத்துக்கு விற்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு மதிப்பிழப்பு 3 லட்சம், வரியின் பங்கு 1.80 லட்சம். கடன் வட்டி ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 6.69 லட்சம், ஆண்டுக்கு 1.34 லட்சம். 19 லட்சத்தை வைப்புநிதியில் ஆறரை விழுக்காட்டுக்கு வைத்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டி ஏறத்தாழ 1.20 லட்சம். காப்பீடு 1 லட்சம், வழக்கமான பராமரிப்பு 1.50 லட்சம், டயர் 42,000, பெட்ரோல் 94,000, பெரிய பழுதுக்கென ஒதுக்கி வைப்பது 1 லட்சம். கூட்டினால் ஆண்டுக்கு 12.20 லட்சம். 6,000 கிலோமீட்டருக்கு வகுத்தால் கிலோமீட்டருக்கு 203 ரூபாய். அதில் பெட்ரோல் 16 ரூபாய்கூட இல்லை. இந்தத் தொகைகள் என் மதிப்பீடு. உங்கள் காருக்கு உரிய எண்களை இதே வரிசையில் இட்டுப் பாருங்கள். கே.எல். பதிவுள்ள காராக இருந்து மறுபதிவு வரி இல்லாமற்போனால், அதே கணக்கு ஏறத்தாழ 164 ரூபாயாகக் குறைகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 40 விழுக்காடாக ஒழுங்குபடுத்தப்பட்டு, அதற்கு மேலிருந்த கூடுதல் தீர்வை நீங்கியது. புதிய கார் மலியும்போது பழையதன் விலையும் இறங்கும் என்பதால், அதற்கு முந்தைய விலைப்பட்டியலைக் காட்டிப் பேரம் பேசும் விற்பனையாளரிடம் இதை நினைவூட்டலாம்.

துபாயில் இதே கார் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, கொண்டுவந்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அங்குள்ளவை இடப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை. பழைய காரை இறக்குமதி செய்ய வேண்டுமானால் அது வலப்பக்க ஸ்டீயரிங் உடையதாகவும் மூன்று ஆண்டுக்கு மேற்படாததாகவும் இருக்க வேண்டும். ஆசை அங்கேயே நின்றுவிடுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவது என்று முடிவு செய்பவர்கள் இருப்பார்கள், அதில் தவறில்லை. தோட்ட வருமானமோ தொழிலோ நிலையாக இருந்து, வீட்டுக் கடன் தீர்ந்து, பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கியதைத் தொடாமல் இந்தச் செலவைத் தாங்க முடிந்தால், அது அவரவர் மகிழ்ச்சி. அத்தகையோர் முன்பணம் கொடுக்குமுன், வண்டியை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் ஒருநாள் விட்டு எழுத்து மூலமான சோதனை அறிக்கை பெறட்டும். அதற்கு ஆகும் சில ஆயிரத்தை விற்பவர் ஏற்க மறுத்தால் நீங்களே கொடுங்கள். சோதனைக்கே மறுத்தால் அந்த வண்டி வேண்டாம். வாகன் இணையதளத்தில் பதிவெண்ணை இட்டு, எத்தனையாவது உரிமையாளர், பழைய கடனின் அடமானக் குறிப்பு நீங்கியிருக்கிறதா, அபராத நிலுவை உண்டா என்று பார்க்க வேண்டும். அடமானம் நீங்காமல் இருந்தால், முந்தைய வங்கி கையொப்பமிட்ட 35-ஆம் படிவம் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது. விற்பவர் 29-ஆம் படிவத்திலும், வாங்குபவர் 30-ஆம் படிவத்திலும் கையொப்பமிட வேண்டும். விற்பவர் மாநிலத்துக்குள் 14 நாளிலும், வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாளிலும் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாள் அவகாசம். இஞ்சிவிளையில் விற்றுக் களியக்காவிளையில் வாங்கினாலும், நடந்துபோகும் தூரமே இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது வேறு மாநிலம்தான்.